கம்பைக் கீழே போடும் காட்சி

தலையில் எண்ணெய் வழிய, பேரருவிக்குள் நுழைய இடம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. குற்றாலத்தில் ஆடிச் சாரல் நேரம். எனக்கு முன்னால் இரண்டு பேர் தண்ணீர் கனமாக விழுகிற ஓர் இடத்துக்காக அடித்துக்கொண்டார்கள். ஒருவன் மற்றவனின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து நெற்றியைப் பாறையில் மோதினான். மோதப்பட்டவன் திரும்பி அவன் கழுத்தைப் பிடிக்க, இருவரும் கட்டிப்பிடித்தபடி சறுக்கி விழுந்தார்கள். சிந்திய இரத்தம் உடனே வெளுத்து, ரோஸ் நிறமாகி, என் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போயிற்று. இரண்டு வாய்களும் அகலத் திறந்து திறந்து மூடின. என்ன வசவு என்று ஒன்றும் கேட்கவில்லை. போலீஸ்காரர் கன்னம் புடைக்க விசில் ஊதினார். அதுவும் கேட்கவில்லை. அருவி மட்டும்தான் கேட்டது.

“சண்டைக்கு வசனமே வேண்டாம்!” என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற சிநேகிதனுக்கு என் சத்தமும் கேட்கவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து மறுபடி சொன்னேன்.

“மாப்ளே, வசனமே இல்லாம ஒரு மடைச்சண்டை. முழுக்கப் பாட்டு. கம்பும் கம்பும் மோதுத சத்தந்தான் தாளம்.”

“மொதல்ல தலையத் துவட்டுலே. எண்ணெ மூளைக்குள்ள எறங்கிட்டு ஒனக்கு.”

சொன்னானே தவிர, கடைத்தெரு வருவதற்குள் அவனே ஒரு மெட்டை முனக ஆரம்பித்திருந்தான்.

அவன் தென்காசியில் தறி நெய்கிறவன். குழித்தறியில் கால் மிதித்துக்கொண்டே பாடுவான். தெருவில் போகிற சைக்கிள்கள் நிற்கும். நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலை உத்தரவுக்குக் காத்திருக்கிற சாக்கில் ஊரில் ஒரு நாடக சபா ஆரம்பித்திருந்தேன். ஆர்மோனியம் வாசிக்க ஒரு தையல்காரர் அகப்பட்டார். நாங்கள் மூவரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு புராண நாடகம் போட்டு, கிரீடம் கழன்று விழுந்து, ஊர் முழுக்க ஏச்சு வாங்கியிருந்தோம். இனி அரண்மனை வேண்டாம், ஒரு வாய்க்கால் போதும் என்று நான் தீர்மானித்தேன்.

கதையை ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு குளம், அதில் மேலமடை, கீழமடை என்று இரண்டு மடை. மழை பொய்த்த வருஷம். முதல் தண்ணீர் யாருக்கு என்று இரண்டு மடைக்காரர்களும் கம்பெடுக்கிறார்கள். வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிற நீர்பாய்ச்சி நடுவில் நின்று பாடுகிறான். நாடகம் முழுக்க அவன் பாட்டுத்தான். கடைசியில் கீழமடைக்காரர் தன் கம்பை மேலமடைக்காரரின் காலடியில் போட்டுவிட்டு, கையைக் கட்டி நிற்கிறார். அதைப் பார்த்து வெட்கப்பட்டு மேலமடைக்காரரே கீழமடையைத் திறந்துவிடுகிறார். எழுதி முடித்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நீர்பாய்ச்சி வேஷம் என் சிநேகிதனுக்கு. அவனுக்கு அது வெறும் வேஷமில்லை. மதுரையில் ஒரு நாடகக் கம்பெனியின் மானேஜர் சீசனுக்குச் சீசன் குற்றாலத்துக்குக் குளிக்க வருவார். அடுத்த சீசனில் எங்கள் நாடகத்தைக் குற்றாலத்தில் போட்டால் வந்து கேட்கிறேன் என்று என்னிடம் ஒத்துக்கொண்டிருந்தார். குரல் பிடித்தால் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார். அவன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சம்மதித்தார்.

“ஒரு சீசன்தான். அந்த ஆளு கூப்புட்டா போ. கூப்புடலன்னா இந்தப் பாட்டு கீட்டு எல்லாத்தயும் விட்டுட்டுத் தறியில ஒக்காரு. சரியா?”

“சரி காக்கா.” அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

குற்றாலத்துக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஊர்க்காரர்கள் பார்த்தால் மட்டும் போதாது, அவர்களே ஆடவும் வேண்டும். கீழப்பாவூருக்கும் சுரண்டைக்கும் நடுவே உள்ளே தள்ளி ஓர் ஊர். அங்கே நிஜமாகவே ஒரு குளமும், அதில் மேலமடையும் கீழமடையும் இருந்தன. இரண்டு பக்கத்திலும் சிலம்பம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலமடைக்காரர்களை மேலமடையாகவும், கீழமடைக்காரர்களைக் கீழமடையாகவும் ஆடவிட்டேன். இதைவிடப் பொருத்தம் வேறெங்கே கிடைக்கும்?

“வே, அடுப்புல கொதிக்குத சட்டிக்குள்ள கைய விடுதீரு” என்றார் தையல்காரர்.

“அண்ணாச்சி, இதுதான் கலை.”

“என்னமும் சொல்லும். எம் பொட்டிய மட்டும் ஓரமா வச்சிக்கிடுதேன்.”

ஒத்திகை அந்த ஊர்ப் பள்ளிக்கூட வளாகத்தில் நடந்தது. பள்ளிக்கூடத்துக்குள் கம்பு வரக்கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அதனால் தோள் துண்டை முறுக்கிக் கம்பாக வைத்துக்கொண்டு ஆடினோம். கீழமடை அண்ணாச்சி நல்ல ஆகிருதி, பந்து மாதிரி திரளும் புஜம். கடைசிக் காட்சியில் அவர் தன் துண்டை எதிராளியின் காலடியில் போட்டுவிட்டுக் கையைக் கட்டி நின்ற நிற்பில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேலமடை அண்ணாச்சி ஒல்லியானவர், வெற்றிலை வாய். அவர் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் தன் ஆட்களைப் பார்த்துச் சிரிப்பார். ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

துண்டைக் கீழே போடுவது அந்த ஊரில் ஒன்றுமில்லை. கம்பைக் கீழே போடுவதுதான் விஷயம். மடை விவகாரத்தில் ஊர் பார்க்க ஒருவன் தன் கம்பை எதிராளி முன்னால் போட்டுவிட்டால், அந்த வருஷம் முதல் தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று கணக்கு. அப்புறம் பஞ்சாயத்தே கிடையாது. இந்த வழக்கம் அந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் மூவருக்கும் தெரியாது. மேலமடைக்காரர்கள் வாயைத் திறக்காததற்குக் காரணம் வெளிப்படை. நாடகத்தின் புண்ணியத்தில் முதல் தண்ணீர் சும்மா வருகிறதே! கீழமடை அண்ணாச்சியோ அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

வைகாசியில், அறுப்பு முடிந்த களத்தில், வெயில் தாழ்ந்ததும் நாடகம் ஆரம்பித்தது. விளக்குச் செலவு வேண்டாம் என்று இருட்டுவதற்குள் முடிக்கிற ஏற்பாடு. அன்றைக்கு நிஜக் கம்பு. தையல்காரர் ஆர்மோனியப் பெட்டியை வாசிக்க, மூங்கிலும் மூங்கிலும் மோதி, சத்தம் ஒரே சீராக விழுந்தது. கூட்டத்தின் தலைகள் அந்தத் தாளத்துக்கு ஆடின. நான் களத்தோரம் நின்று உள்ளங்கையை உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருந்தேன். நினைத்ததற்கு மேலேயே வந்துவிட்டது.

கடைசிக் காட்சி. என் சிநேகிதன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பாடினான்.

“வந்த தண்ணி ஒரு தண்ணி, வாய் ரெண்டு ஆனதென்ன...”

கீழமடை அண்ணாச்சி கம்பைப் போட வேண்டிய இடம். அவர் போடவில்லை. சிநேகிதன் அதே அடியை இன்னொரு தடவை பாடினான். அவர் கம்பின் நுனியைப் பார்த்தபடியே நின்றார்.

மேலமடைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல்: “போடும்வே கம்ப! ஊரு பாக்க போடும்!”

“நாடகம்தான அண்ணாச்சி, சும்மா போடும்! தண்ணிய நாங்க அப்பறம் எடுத்துக்கிடுதோம்!”

கூட்டத்தில் பாதி சிரித்தது. மேலமடை அண்ணாச்சி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, தன் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் காட்டினார். இங்கே போடு என்கிற மாதிரி.

“ஏலே, காலயா காட்டுத?” என்றார் கீழமடை அண்ணாச்சி.

பாட்டின் கடைசி அடி மேலே ஏறி நிற்கும். அங்கே என் சிநேகிதன் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வான். அன்றும் மூடிக்கொண்டான். மேலமடை அண்ணாச்சியின் தலைக்கு வந்த கம்பு, அவர் குனிந்துவிட, அவனுடைய இடது தாடையில் இறங்கியது. காய்ந்த விறகு பிளக்கிற சத்தம். மேலே நின்ற ஸ்வரம் அங்கேயே அறுந்தது. அவன் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தான். வாயைத் திறந்ததும் இரத்தமும் இரண்டு பற்களும் மார்பில் விழுந்தன.

அப்புறம் களமே எழுந்தது. கம்புகள் தாளத்தை மறந்து தலைகளைத் தேடின. மேலமடை அண்ணாச்சியின் மண்டை பிளந்து, முகம் முழுக்க இரத்தம் வழிய, அவர் கண் தெரியாமல் நாலாபக்கமும் வீசினார். ஒருவனுடைய காது மடல் கிழிந்து கழுத்தில் தொங்கியது. இன்னொருவன் தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குக் கீழே கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பெண்கள் முந்தானையில் கல் அள்ளி வந்து வீசினார்கள், குறியும் தப்பவில்லை. யாரோ ஆர்மோனியத்தின் துருத்திக்குள் காலை விட்டு மிதித்தார்கள். அது ஒரு தடவை அழுதுவிட்டு அடங்கியது. தையல்காரர் அதன்மேல் குப்புற விழுந்து கிடந்தார். என் முதுகில் ஒன்று விழுந்தது. நானும் கையில் அகப்பட்ட கம்பால் அடித்தேன். யாரை அடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. மெத்தென்று இருந்தது மட்டும் கையில் நிற்கிறது.

சிநேகிதனை மாட்டுவண்டியில் போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தலையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவன் அண்ணன் வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். காது ஙொய்யென்றது. இன்னொன்றுக்குக் கையை ஓங்கியவர் கீழே இறக்கிக்கொண்டார்.

“ஒனக்குப் படிப்பு இருக்கு, எங்கயாவது போயிருவ. அவனுக்கு இருந்தது அந்த வாய் ஒண்ணுதாம்லே.”

அந்தச் சீசன் முழுக்க அவன் பப்பாளி இலைத் தண்டை உதட்டில் சொருகிக் கஞ்சி உறிஞ்சினான். குற்றாலத்தில் நாடகம் இல்லை. மானேஜர் வந்தார், எண்ணெய் தேய்த்துக்கொண்டார், குளித்தார். கல்பெஞ்சில் மல்லாந்து கிடந்தபடியே நான் சொன்னதைக் கேட்டார்.

“பாடாதவனப் பத்தி நான் என்னய்யா சொல்றது? அடுத்த சீசனுக்கும் வருவேன். அப்ப வாய் இருந்தா பாடச் சொல்லு.”

இதை அண்ணனிடம் போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. சிநேகிதனே, வாய் திறக்காமல், அண்ணனிடம் ஒரு விரலை மட்டும் நீட்டிக் காட்டினான். இன்னும் ஒரு சீசன். அண்ணன் தறியில் அறுந்த ஓர் இழையை முடிந்துவிட்டு, “அதோட முடிஞ்சிது” என்றார்.

கட்டுப் பிரித்த பிறகு அவன் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. மேல் ஸ்வரத்தில் பல் இல்லாத சந்தில் காற்றுப் புகுந்து லேசாகச் சீழ்க்கை அடிக்கிறது. தையல்காரர் ஒட்டுப்போட்ட பெட்டியில் சுருதியை அரைக்கட்டை இறக்கிப் பார்த்தார். இப்போது குரல் கனத்து, அடியிலிருந்து வருகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அவனிடம் சொன்னால் மீதிப் பல்லால் கடிப்பான்.

இந்த வருஷம் குற்றாலத்தில் போட அனுமதி கேட்டுப் போனோம். போலீஸ் இன்ஸ்பெக்டர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்குச் சண்டை போட மாட்டோம் என்று இரண்டு மடைக்காரர்களிடமும் அவர் எழுதி வாங்கிய ஜாமீன் இப்போதுதான் தீர்ந்திருந்தது.

“அதே ஊர்ல, அதே ஆளுகள வச்சு, ஒரு பொட்டு ரெத்தம் சிந்தாம போட்டுக் காட்டும். அப்பறம் குத்தாலத்துக்கு வாரும்.”

நானும் தையல்காரரும் ஊருக்குப் போனோம். குளக்கரையில் இரண்டு அண்ணாச்சிகளும் ஒரு பனைதூரம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். மேலமடை அண்ணாச்சியின் மண்டையில் தழும்பு வழுக்கை வகிடு மாதிரி ஓடியது.

“நான் கம்பப் போட மாட்டேன்” என்றார் கீழமடை அண்ணாச்சி, வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே.

“நீரு போடாண்டாம். நாங்க போடுவோம்னு மட்டும் நெனச்சிராதீரும்” என்றார் மேலமடை அண்ணாச்சி.

நான் கதையை மாற்றிக்கொண்டு போயிருந்தேன். யாரும் கம்பைக் கீழே போட வேண்டாம். நீர்பாய்ச்சி பாடிக்கொண்டே வந்து இரண்டு பேர் கையிலிருந்தும் கம்பை வாங்கிக்கொள்வான். கீழே விழாத கம்புக்குக் கணக்கு இல்லையே?

“யாரு வாங்குவா?” என்று கேட்டார் மேலமடை அண்ணாச்சி.

“அதே பையன்தான்.”

கீழமடை அண்ணாச்சி குளத்தைப் பார்த்தார். “அடிபட்டவன் கேட்டா குடுக்கலாம்” என்றார். உடனே, “என் கையி குடுக்கும். இவம் பயலுவ வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கணும்” என்றார்.

“எவன்வே பயலுவ?” என்று மேலமடை அண்ணாச்சி எழுந்தார். தையல்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிறகு மேலமடை அண்ணாச்சி தானாகவே உட்கார்ந்தார்.

அவர்கள் ஒத்துக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தையல்காரர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

சிநேகிதனிடம் வந்து சொன்னேன். தறியை நிறுத்தாமல் கேட்டான்.

“ரெண்டு கம்பும் தூக்கியிருக்கும்போது நான் உள்ள போகணும், அப்பிடித்தான?”

“ஆமா மாப்ளே. பயமா இருந்தா கடைசி அடிய விட்டுருவோம். ஓரமா நின்னே பாடிரு.”

“கடைசி அடிய விட்டா அந்த மதுரைக்காரன் என்னத்தக் கேப்பான்? போவேன். ஆனா கண்ண மூட மாட்டேன்.”

கண்ணை மூடாமல் அந்த ஸ்வரத்தை அவன் இதுவரை பிடித்ததில்லை. நேற்றிலிருந்து பழகுகிறான். நான் அவன் முகத்துக்கு நேரே பாவு நூல் விரிக்கிற கம்பை ஓங்கிக்கொண்டு நிற்கிறேன். அவன் என்னை முறைத்துக்கொண்டே மேலே ஏறுகிறான். பாதித் தடவை இமை தானாக மூடிவிடுகிறது. மூடினால் பக்கத்துத் தறியில் இருக்கும் அண்ணன் பார்க்காமலே “மூடிட்டான்” என்கிறார். சீழ்க்கையின் சத்தம் மாறுவதை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார்.

வெள்ளிக்கிழமை அந்த ஊருக்கு ஒத்திகைக்குப் போகிறோம். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, நேரே களத்துக்கு. துண்டு கிடையாது. முதல் நாளிலிருந்தே நிஜக் கம்பு, இரண்டு பக்கத்து ஆட்களும் சுற்றி நிற்க, அவன் உள்ளே நடந்துபோய் இரண்டு கையையும் நீட்டிக் கேட்கப்போகிறான்.