யாராவது இருந்தால் கை தூக்குங்கள்

யோகா ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஆசனம் இல்லை, ஒரு கேள்வி. எந்த இடத்தில் வகுப்பு எடுக்கப் போனாலும், பாயை விரிக்கச் சொல்வதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். இதய நோய், வலிப்பு, முதுகுத்தண்டில் கோளாறு, சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம், இதில் ஏதாவது இருப்பவர்கள் கை தூக்குங்கள். இதைக் கேட்காமல் ஆரம்பிக்கிறவர் ஆசிரியரே இல்லை என்று எங்கள் பயிற்சியாளர் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வார். நானும் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினேன்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு யோகா டீச்சர் இருப்பது தெரிந்தது. கணபதிப் பகுதியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போர்டு மாட்டினேன். வந்தவர்கள் முதல் வாரம் புதுப் பாயோடு வந்தார்கள், அடுத்த வாரம் சாக்குப்போக்கோடு வந்தார்கள், அதற்கடுத்த வாரம் வரவே இல்லை. "இதெல்லாம் யூட்யூப்லயே வருதுங்களே மேடம்" என்று ஒரு அம்மா என் முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் சுருக்கென்று பதில் சொல்கிற ஆள். "தோசை சுடறதும்தானுங்க வருது, அப்புறம் எதுக்கு ஓட்டலுக்குப் போறீங்க?" என்றேன். அவரும் வருவதை நிறுத்திக்கொண்டார். சரவணம்பட்டியில் ஒரு அபார்ட்மென்ட் வகுப்பு மட்டும் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அன்னூர் தாண்டி ஒரு நூல் மில்லில் கூப்பிட்டார்கள். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல். தொழிலாளிகள் எல்லாம் வெளியூர்ப் பெண் பிள்ளைகள். நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்களாம். அதற்காக யோகா. மேனேஜர் மரியாதையான மனிதர், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். "இங்க நல்லபடியா அமைஞ்சுதுன்னா, மத்த யூனிட்டுகளும் உங்களுக்குத்தானுங்க மேடம்" என்றார். வண்டியில் திரும்பி வரும்போது சத்தி ரோடு முழுக்க எனக்கு மட்டும் போட்ட ரோடு மாதிரி இருந்தது.

மதியம் ஷிப்ட் முடிந்ததும் வகுப்பு. விடியற்காலையிலிருந்து மெஷின் ஓரமாக நடந்து நடந்து, அறுந்த இழைகளை ஒட்டிவிட்டு வந்த பிள்ளைகள். தலைமுடியில், புருவத்தில், காது மடலில் எல்லாம் பஞ்சு. ஹாஸ்டல் வார்டன் அம்மா கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் பயிற்சியில் சொன்னபடியே கேள்வியைக் கேட்டேன். ஒரு கைகூட எழவில்லை. அவ்வளவு பிள்ளைகளில் ஒருத்திக்குக்கூடவா முதுகு வலி இல்லை? நின்றே வேலை செய்கிறவர்களுக்கு? வார்டன் அம்மா பெருமையாகச் சிரித்தார். "நம்ம புள்ளைக எல்லாம் நல்ல ஆரோக்கியமுங்க மேடம்."

வகுப்பு முடிந்து வண்டியை எடுக்கப் போனேன். தண்ணீர்க் குடத்தோடு ஒரு பிள்ளை பின்னாலேயே வந்தாள். கொடுமுடிப் பக்கம் என்றாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும், ஒல்லி, உதடு மட்டும் கொஞ்சம் கருத்திருந்தது.

"ஏனுங்க்கா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்தக் கேள்விய இனிமே கேக்காதீங்க்கா."

"ஏன்?"

"கை தூக்குனா அடுத்த நாளு பையக் கட்டி ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க. அதுக்குத்தான் வார்டன் அம்மா பின்னாடி உக்காந்திருக்காங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் தொழிலை எப்படிச் செய்ய வேண்டும் என்று நீ யாரடி சொல்ல? அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மீதியையும் சொன்னாள். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது. ஆபரேஷன் செய்தால் சரியாகும். அரசுக் காப்பீட்டுக்குப் போகலாம் என்றால், ரேஷன் கார்டு முதற்கொண்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அப்பா எங்கேயோ போய்விட்டார். அதனால்தான் மில்லுக்கு வந்திருக்கிறாள். மில் வேலையில் சம்பளத்திலிருந்து ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள். பொங்கல் வரைக்கும் வேலையில் இருந்துவிட்டால் சந்தாக் கணக்கு சரியாகிவிடும், ஈ.எஸ்.ஐ.யில் ஆபரேஷன் செய்துவிடுவார்கள். அதற்கு முன்னால் தெரிந்தால், நோயாளியை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று மில் வெளியே அனுப்பிவிடும்.

"வேலைக்குச் சேரும்போது டாக்டர் பாக்கலையா?"

"நாக்க நீட்டச் சொன்னாருங்க்கா. நீட்டுனேன்."

"நாள் பூரா நடக்கறியே, அது ஒண்ணும் பண்ணாதா?"

"நடந்தா ஒண்ணுமில்லீங்க்கா. வேகமாக் குனிஞ்சு நிமுந்தாத்தான் மூச்சு வாங்குது. பொங்கல் வரைக்குமுங்க்கா. பக்கத்துக் கட்டில்காரிக்கும் உங்களுக்கும் மட்டுந்தான் தெரியும்."

அன்றைக்கு வீட்டில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இவளை மட்டும் ஓரமாக உட்கார வைத்தால் வார்டன் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். எல்லோரோடும் சேர்த்துக் குனிய வைத்து மூச்சு நின்றால் யார் பொறுப்பு? மேஜையைத் தட்டிய பயிற்சியாளர் இதற்கு ஒரு வழியும் சொல்லித்தரவில்லை. அவரை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டினேன்.

கடைசியில் வகுப்பையே மாற்றினேன். ஒருத்தியைத் தனியாக விலக்க முடியாது, அதனால் எல்லோரையும் படுக்க வைத்தேன். கணுக்காலைச் சுற்றுவது, படுத்தபடி மெதுவாகக் கையைத் தூக்குவது, காலைச் சுவரில் சாய்த்து வைப்பது, மூச்சைக் கவனிப்பது. சுவரில் காலைச் சாய்த்த கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். வீங்கிய பாதங்கள் வரிசையாகச் சுவரில் நிற்கும். கேள்வியைக் கேட்பதையும் விட்டுவிட்டேன். பிள்ளைகள் மெல்ல மெல்ல என்னிடம் பேச ஆரம்பித்தார்கள். கை தூக்காதவர்கள் எல்லாம் வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்து சொன்னார்கள். ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்குத் தீட்டு நிற்கவே இல்லை, ஒருத்திக்கு இருமினால் பஞ்சு. "யோகா அக்கா நம்ம பக்கம்" என்று ஹாஸ்டலில் ஒரு பேச்சே வந்துவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க மேடம், புள்ளைக படுத்துத் தூங்குதுக. இத போட்டோ எடுத்து அனுப்புனா, மில்லுல பாதிப் பேரு மயங்கிக் கெடக்கறாங்கன்னு நெனச்சுக்குவாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். வெளிநாட்டுக்காரர்கள் நேரில் வருகிறார்கள். மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு, சூரிய நமஸ்காரம், வேகமாக, வரிசையாக. ஒருத்திகூடக் குறையக் கூடாது. மற்ற யூனிட் மேனேஜர்களும் பார்க்க வருகிறார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது, அதை நினைத்து ரொம்பவே சந்தோஷப்பட்டேன். கூட்டமாகச் செய்யும்போது முன்னால் நின்று எண்ணிக்கை சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் குனிய வேண்டியதில்லை. கொடுமுடிப் பிள்ளையை அங்கே நிறுத்தினேன். அந்த ஒல்லி உடம்புக்குள் அப்படி ஒரு குரல் எங்கே இருந்ததோ! "ஒண்ணு!" என்றால் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். "பரவால்லயே, தலைவி ஆயிட்டா பாரு" என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவளுக்கும் வாயெல்லாம் பல்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்த நாளன்று எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா முன் வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார். அதோடு போயிருக்கலாம். போகவில்லை. முன்னால் நின்ற பிள்ளையைக் காட்டி மேனேஜரிடம் ஏதோ சொன்னார். மேனேஜர் பூரித்துப் போய் எங்கள் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, அவங்களுக்கு உன்னத்தான் புடிச்சுப் போச்சாமா. நீதான் தலைவியாச்சே, நீ தனியா ஒருவாட்டி செஞ்சு காட்டு. வேகமா, பன்னெண்டு தடவையும்."

"நான் செஞ்சு காட்டறனுங்க சார்" என்று நான் முன்னால் வந்தேன்.

"நீங்க இருங்க மேடம். புள்ள செய்யட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வார்டன் அம்மா கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அவளால் முடியாது" என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் அவள் செய்வாள். செய்யக்கூடிய பிள்ளைதான் அவள், அதுதான் பயமே. கையைக் கூப்பிவிட்டாள். முதல் முறை குனிந்து நிமிர்ந்தாள். இரண்டாவது முறை எழும்போது உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

நான் "அய்யோ" என்று கத்திக்கொண்டு தொப்பென்று கீழே விழுந்தேன்.

நடிப்புதான். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றதைத் தவிர நான் நடித்ததே இல்லை. முழங்கை தரையில் பட்டு நிஜமாகவே தோல் போய்விட்டது, அது ஒரு வகையில் உதவி. எல்லோரும் என்னை நோக்கி ஓடி வந்தார்கள். யாரோ சோடா என்றார்கள், யாரோ சாவி என்றார்கள். கொடுமுடிப் பிள்ளைதான் என் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் காதில் கேட்டது. குனிந்து தண்ணீர் தெளிக்கிற சாக்கில், "சித்த நேரம் எந்திரிக்காதீங்க்கா, அவங்க போகட்டும்" என்று முணுமுணுத்தாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைக்கார அம்மாவை மேனேஜர் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மேனேஜர் அதே நாற்காலியை இழுத்துப் போட்டார். எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் "சித்த தலையத் தூக்குங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள். "உடம்பப் பாத்துக்குங்க மேடம். யோகா சொல்லிக்குடுக்கறவங்களே மயங்கி உழுந்தா, வந்தவங்க என்னங்க நெனப்பாங்க? நல்லா ரெஸ்ட் எடுங்க. தேவைன்னா நாங்களே கூப்புடறமுங்க." மற்ற யூனிட்டுகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அபார்ட்மென்ட் வரைக்கும் செய்தி வந்துவிட்டது. "மேடத்துக்கே பி.பி.யாமா" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் போட, பாதிப் பேர் வகுப்பிலிருந்து நின்றார்கள். நின்றுவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்தப் பிள்ளை ஆபரேஷன் முடிந்து போன் செய்வாள் என்று நிஜமாகவே நம்பினேன்.

மார்கழி நடுவில் போன் வந்தது. அவளிடமிருந்து இல்லை. நான் யோகா பயிற்சி எடுத்த இடத்திலேயே எனக்குப் பின்னால் முடித்த ஒரு தம்பி. தங்கமான பையன், என்மேல் மரியாதை உள்ளவன்.

"அக்கா, நீங்க போயிட்டிருந்த மில்லுல இப்ப நான்தானுங்க்கா எடுக்கறேன். உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் கூப்புட்டேன். நல்லவேள, நம்ம சாரு சொல்லிக்குடுத்த மாதிரி மொதல்ல கேள்வியக் கேட்டேன். ஒரு புள்ளைக்கு இதயத்துல வால்வு பிரச்சினையாமுங்க்கா. கேக்காம சூரிய நமஸ்காரத்த ஆரம்பிச்சிருந்தா என் கதி என்ன ஆயிருக்கும்?"

"அவளா கை தூக்குனா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா. அது கம்முன்னுதான் நின்னுச்சு. பக்கத்துல நின்ன புள்ளதான் அது கையப் புடிச்சு மேல தூக்குச்சு. 'சார், இவளுக்கு முடியாதுங்க, யோகா அக்கா இவளக் குனிய உடமாட்டாங்க'ன்னு சொல்லுச்சு. வார்டன் அம்மா அங்கதான் உக்காந்திருந்தாங்க. ரெண்டு நாள்ல பத்திரமா ஊருக்கு அனுப்பி வெச்சுட்டாங்களாமுங்க்கா."

பத்திரமாக. அவன் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. முதல் நாள் நான் செய்ததைத்தான் அவனும் செய்தான். கையைத் தூக்கிவிட்டது அந்தப் பக்கத்துக் கட்டில்காரியாகத்தான் இருக்கும், அவள் மேலும் கோபம் இல்லை. யோகா சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் பக்கம்தான் என்று அவள் நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தது நான். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய் அழுதேன்.

மில் கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "அது ஊட்டுக்குப் போயிருச்சுங்க. உங்க உடம்பு இப்ப எப்படீங்க இருக்குது?" என்று வார்டன் அம்மா விசாரித்தார். விலாசம் தரமாட்டேன் என்றுவிட்டார். முன்பு ஒருநாள் அவள் கொடுத்திருந்த நம்பரில் இன்று வரை யாரும் எடுக்கவில்லை. கொடுமுடிப் பக்கம் என்றால் எந்த ஊர் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.

இப்போது அபார்ட்மென்ட் வகுப்பில் மறுபடியும் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். புதியவர்கள் வரும்போது கேள்வியைக் கேட்கிறேன், கேட்காமல் இருக்க முடியாது. கேட்டு முடிப்பதற்குள் கைகள் எழுந்துவிடுகின்றன. தைராய்டுங்க, முட்டி தேஞ்சு போச்சுங்க, போன வருசம் ஸ்டென்ட் வெச்சதுங்க என்று ஒருவரை முந்திக்கொண்டு ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அந்தக் கைகள் எல்லாம் இறங்கும் வரைக்கும் நான் பாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.