தம்பிராசாவின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

செவ்வாய்க்கிழமை முற்பகல். கண்டியில் குண்டசாலை பஸ்ஸுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பழைய வீடியோக் கடைக்காரர் றிஸ்வி நானா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மெனேஜர், தம்பிராசா சேர் மவுத்தாகிட்டாரு. காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு கதிரையில இருந்தவரு, இருந்த மாதிரியே."

இறுதிக்கிரியை எப்போது என்று கேட்டேன்; வியாழக்கிழமை என்றார். பிறகு றிஸ்வி சொன்னார்: "கம்பனியில இருந்து பதில் வந்திச்சா எண்டு போன கிழமையும் கேட்டாரு."

பதில் வந்திருக்கவில்லை. வரப்போவதில்லை என்பது அவரைத் தவிர எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். பத்தொன்பது பேர். இந்த நோயை எனக்குத் தந்தவர் அவர்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பேராதனைச் சந்தியில் ரயில்வே பொருட்கிடங்கின் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் தம்பிராசா. ஊர் யாழ்ப்பாணம், குடியிருப்பு குண்டசாலை. மூட்டைகளை எண்ணி முடித்த பிறகு மனிதர்களை எண்ணும் வேலை கிடைத்தது. கொழும்பிலுள்ள ஒரு பட விநியோகக் கம்பனி, தன் படம் ஓடும் தியேட்டருக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பும். ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்து அவர் தினமும் அறிக்கை அனுப்ப வேண்டும். தியேட்டர்காரன் ஏமாற்றுவான் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. அந்தத் தியேட்டர்காரன் நான். முகாமையாளர் என்று கதவில் எழுதியிருந்தது.

நாங்கள் ஏமாற்றும் முறை எளிமையானது. வாசலில் டிக்கட்டை வாங்குகிறவர் அதைக் கிழிக்கமாட்டார். முழு டிக்கட் பின்பக்கமாகக் கவுண்டருக்குத் திரும்பி வந்து இன்னொருவருக்கு விற்கப்படும். டிக்கட் இலக்கங்களின்படி உள்ளே நூற்றுத் தொண்ணூறு பேர் என்றால், கதிரைகளில் முந்நூறு பேர் இருப்பார்கள். மாநகர சபையின் களியாட்ட வரிக்கும் கம்பனியின் பங்குக்கும் நூற்றுத் தொண்ணூறு. முதலாளிக்கு மட்டும் உண்மைக் கணக்கு. அதை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். நாட்டில் பல நிறுவனங்கள் ஒரு கணக்குகூட வைக்காத காலத்தில் நாங்கள் இரண்டு வைத்திருந்தோம்.

போரின் கடைசி ஆண்டுகள் அவை. அந்த மந்திரலோகப் படத்தொடர், கண்டிப் பிள்ளைகள் 'கொம்புக் குதிரைப் படம்' என்று அழைத்தது, பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. தம்பிராசா ஐந்து பாகங்களுக்கும் வந்தார். ஒரு பாகத்தையும் பார்க்கவில்லை. திரைக்கு முதுகைக் காட்டி நடந்தபடி தலைகளை எண்ணுவதே அவர் வேலை. இருட்டில் எண்ண முடியாது, டோர்ச் அடித்தால் சனம் ஏசும். ஆகவே ஒவ்வொரு பாகத்திலும் பனிமலைக் காட்சி எப்போது வரும் என்று அறிந்து வைத்திருப்பார். திரை முழுவதும் வெள்ளையாகி, அந்த வெளிச்சம் முகங்களில் விழும் இரண்டு நிமிடத்தில் எண்ணி முடித்துவிடுவார்.

ஒருநாள் இடைவேளையில் என்னிடம் கேட்டார்: "மனேஜர், உந்தக் குதிரைக்கு நாலாம் பாகத்தில என்ன நடக்குது? முன் வரிசைப் பெட்டையள் எல்லாம் அழுதுகொண்டு இருக்குதுகள்."

"செத்துப்போகுது ஐயா. அஞ்சாம் பாகத்துல திரும்பி வந்துருமாம்."

"அப்ப ஏன் இப்ப அழுகினம்?" என்று கேட்டுவிட்டு எழுதப் போய்விட்டார்.

அவருடைய அறிக்கையும் என்னுடைய அறிக்கையும் ஒரே உறையில் கொழும்புக்குப் போகும். என் எண்ணுக்குப் பக்கத்தில் 'இணங்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவார். கம்பனி என்னுடையதை ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு வாரமும் இதுதான் நடந்தது. "ஏன் ஐயா வீணா எழுதுறீங்க? நமக்குள்ள என்ன சண்டை?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் சண்டைக்கு வரேல்லை தம்பி. எண்ண வந்தனான்" என்றார்.

இத்துடன் நின்றிருந்தால் அவரை வெறும் நேர்மையான மனிதர் என்று மறந்துவிடலாம். அவர் வீட்டு வீடியோவையும் எண்ணினார். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இத்தகைய படங்களின் வசூலைத் தியேட்டரில் இவ்வளவு, வீட்டு வீடியோவில் இவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள் என்பதை எங்கோ படித்திருந்தார். கண்டியில் வீட்டு வீடியோ என்பது எங்கள் தியேட்டருக்கு இரண்டு சந்து தள்ளியிருந்த றிஸ்வி நானாவின் கடை. படம் தியேட்டருக்கு வருவதற்கு முன்பே அங்கே வந்துவிடும். யாரோ ஒருவருடைய பின்தலையும் படத்தின் ஓரத்தில் தெரியும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

தம்பிராசா தினமும் அங்கே போய் எத்தனை பிரதி போயிற்று என்று கேட்டு எழுதினார்.

"சேர், இது கள்ளக் கொப்பி. இதை எண்ணி எந்தக் கம்பனிக்கு அனுப்பப் போறீங்க?"

"கள்ளமோ நல்லமோ, பாத்தவன் பாத்தவன்தானே? சொல்லுங்கோ, இண்டைக்கு எத்தினை?"

அவருக்கு இதில் ஒரு கொள்கையே இருந்தது. நகரத்தில் பொலிஸ் சோதனை கூடினால் தியேட்டரில் சனம் குறையும், றிஸ்வியின் கடையில் அதே அளவு கூடும். "சனம் ஓடுறேல்லை. இடம் மாறுது. அவ்வளவுதான்" என்பார். இருபது வருடங்களுக்கு மேலாக நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி அமைச்சர்கள் பேசியதைவிட இது துல்லியமான கூற்று என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நாலாம் பாகம், பிற்பகல் காட்சி. எண்ணி முடித்து பஸ்ஸில் குண்டசாலைக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். தம்பிராசாவின் பையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. அதில் தமிழில் இப்படி எழுதியிருந்தது: 'மண்டபம் 312. வாசல் மூன்று. 4.10க்கு வெளிச்சம், முழுச் சனமும் தெரியும். வீடு 46.'

அந்த வரிகளைப் படித்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் பொலிஸ்காரர் அந்த வருடத்தில் உலகத்தில் எங்கும் இருந்திருக்கமாட்டார். இன்ஸ்பெக்டர் நிதானமானவர் என்றே சொல்ல வேண்டும். தியேட்டருக்குத் தொலைபேசி எடுத்து, அந்தக் காட்சிக்கு எத்தனை பேர் என்று கேட்டார். பேசியவன் நான். பழக்கதோஷத்தில், "நூற்றுத் தொண்ணூறு" என்றேன். ஏன் கேட்கிறார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

படம் பார்த்தவர்கள் நூற்றுத் தொண்ணூறு பேர் என்றால், இந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் யார்? எந்த நாற்பத்தாறு வீடுகள்? தம்பிராசா உள்ளே வைக்கப்பட்டார்.

மறுநாள் காலை அவருடைய மனைவி தியேட்டருக்கு வந்தார். கம்பனிக்குக் கூப்பிட்டாராம். அந்தப் பெயரில் தங்களுக்கு நிரந்தர ஊழியர் எவரும் இல்லை, நாட்சம்பளக்காரர்கள் பற்றித் தங்களுக்குத் தெரியாது என்றார்களாம்.

"தம்பி, உங்களிட்டை சரியான கணக்குக் கொப்பி ஒண்டு இருக்குதாம். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் விடுவினம் எண்டு இவர் சொல்லிவிட்டவர்."

"பாக்கிறேன் அக்கா" என்றேன். இந்தச் சொல்லை நம் மொழியிலிருந்து சட்டம் போட்டு நீக்க வேண்டும்.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். "அந்தக் கொப்பி வெளிய போச்சுன்னா நீயும் அதோட போயிடு" என்றார். எனக்கு கலஹாவில் தாயும் தம்பி குடும்பமும் என் சம்பளத்தைப் பார்த்திருந்தார்கள். ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று. இரண்டு நாளும் காட்சிகள் நடந்தன. எண்ணுவதற்கு ஆள் இல்லாததால் நாங்கள் இன்னும் தாராளமாகப் பொய் சொன்னோம்.

செவ்வாய்க்கிழமை றிஸ்வி நானா என் அறைக்கு வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல் பேசினார்.

"நான் பொலிஸுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டன் மெனேஜர். அந்த நாப்பத்தாறு வீடும் ஏண்ட கடைக் கொப்பிதான், கள்ளக் கொப்பி விக்கிறவன் நான்தான் எண்டு."

"பிடிக்கலையா உங்களை?"

"பிடிக்கத்தான் இன்ஸ்பெக்டர் எழும்பினாரு. 'சேர், உங்கட மகன் மூணாம் பாகத்த எடுத்துப் போயி ரெண்டு கிழம, நான் இன்னும் கேக்கல்ல' எண்டன். திரும்பக் கதிரையில இருந்துட்டாரு." கதவுப் பக்கம் திரும்பினார். "வீட்டுக் கணக்கு முடிஞ்சிச்சு. இனி மண்டபம் உங்கட வேல."

களவை உலகறியச் செய்யும் ஒருவர் எனக்கு முன்னால் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அன்றிரவு தூங்கினேன் என்று சொல்லமாட்டேன். புதன்கிழமை காலை அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன்.

அங்கே போன பிறகுதான் எனக்கு இன்னொரு விஷயம் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பிடித்த அன்றே தம்பிராசாவுக்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். "எண்ணியதில் பிழை, நூற்றுத் தொண்ணூறுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. வயதான மனுஷன், வீட்டுக்குப் போ." தம்பிராசா மறுத்திருக்கிறார். ஒரு எண்ணை மாற்றி எழுதியிருந்தால் சனிக்கிழமையே குண்டசாலையில் சாப்பிட்டிருக்கலாம். நான் மூன்று நாள் என் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டியிருக்கவும் வேண்டியதில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் அவர்மீது கோபம் வருகிறது.

கொப்பியை இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்தேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தம்பிராசாவைக் கூட்டிவரச் சொன்னார். நாலு நாள் தாடியோடு அவர் வந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு என் கொப்பியைப் படித்தார்.

"மனேஜர், இதில முந்நூற்றுப் பத்து எண்டு கிடக்குது."

"ஆமாங்க ஐயா."

"ரெண்டு பேர் குறையுது."

"ஐயா, விடுங்க. அக்கா வெளியில நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நான் எண்ணினது முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்றுப் பத்து எண்டு எழுதினதில கையெழுத்து வைக்கமாட்டன்."

விடுதலைப் பத்திரத்தில் 'தியேட்டரின் உண்மைக் கணக்கோடு ஒத்துப்போகிறது' என்று சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். ஒத்துப்போகவில்லை என்று அவர் நல்ல சிங்களத்தில் வாதாடினார். அரை மணித்தியாலம். உள்ளே வைத்திருந்தவர்கள் போகச் சொல்கிறார்கள், போக வேண்டியவர் கணக்குப் பார்க்கிறார். கடைசியில் இன்ஸ்பெக்டரே பேனாவை எடுத்து, 'இரண்டு பேர் வித்தியாசம் உண்டு' என்று சேர்த்தார். தம்பிராசா கையெழுத்து வைத்தார்.

அந்த இரண்டு பேரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வாசற்காரருடைய மச்சினிமார் இருவர் பக்கக் கதவால் வந்திருந்தார்கள். முதலாளியை நான் ஏமாற்றவில்லை என்று நம்பியிருந்தேன். என்னை ஏமாற்ற வாசலில் ஒருவர் இருந்திருக்கிறார். நாங்கள் உண்மை என்று பூட்டி வைத்திருந்ததும் பிழை. ஊரில் சரியான எண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது கூண்டுக்குள் இருந்தது.

வேலை எனக்கு அந்த வாரமே போயிற்று. அவருக்கும்தான். கொழும்புக் கம்பனி அவரைப் பாராட்டும் என்று நான் மட்டும் எதிர்பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு என்று கணக்கு முடித்தாயிற்று, திருத்தினால் மேலேயுள்ள வெளிநாட்டுக் கம்பனிக்கும் திருத்த வேண்டும், ஆகவே இனி வரத் தேவையில்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். கடிதம்கூட இல்லை. ஐந்தாம் பாகத்துக்கு அவர் சொந்தக் காசில் டிக்கட் வாங்கி வந்து எண்ணினார். அறிக்கையையும் அனுப்பினார். வாசலில் அவருடைய டிக்கட்டைக் கிழிக்கவில்லையாம்; நின்று, கிழிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனாராம்.

தொடர் முடிந்த பிறகு ஒருநாள் றிஸ்வியின் கடையில் மூவரும் இருந்தோம். ஆங்கிலப் பத்திரிகையில் அந்தப் படத்தொடர் உலகம் முழுவதும் சம்பாதித்த தொகையைப் போட்டிருந்தார்கள். தியேட்டர் தனி, வீட்டு வீடியோ தனி, மொத்தம் தனி. கடைசி டொலர் வரைக்கும். தம்பிராசா பத்திரிகையைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"உந்தக் கடைசி இலக்கம் பிழை" என்றார்.

றிஸ்வி சிரித்தார். "அமெரிக்காக்காரன் கொம்பியூட்டர்ல கூட்டினது சேர்."

"கூட்டினது சரியா இருக்கும். நான் அனுப்பினது அதில இல்லையே. அப்ப எப்பிடி மொத்தம் சரியாகும்?"

அன்றிலிருந்து அவர் கம்பனிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். பணம் கேட்கவில்லை. வேலை கேட்கவில்லை. நாலாம் பாகம், சனிக்கிழமை, பிற்பகல் காட்சி, கண்டி, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்: இதைப் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி. அதைத்தான் போன கிழமையும் விசாரித்தார். போர் முடிந்தது. தியேட்டரில் இப்போது கட்டில், மேசை என்று தளபாடம் விற்கிறார்கள். றிஸ்வியின் கடையில் தொலைபேசி உறைகள் தொங்குகின்றன. கம்பனி கைமாறி, பெயர் மாறி, விலாசம் மாறிவிட்டது. ஒவ்வொரு புதிய விலாசத்தையும் அவர் எப்படியோ தேடிப் பிடித்தார்.

ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இதைக் கேட்பதற்கு இனி ஆள் இல்லை என்பதில் அந்தக் கம்பனிக்கு நிம்மதி என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை இறுதிக்கிரியை நடந்தது. மறுநாள் பத்திரிகையில் ஒரு மூலையில், 'பெருந்திரளான மக்கள் கலந்துகொண்டனர்' என்று வந்திருந்தது. அவர் அதைப் படித்திருந்தால் ஓரத்தில் 'இணங்கவில்லை' என்று எழுதியிருப்பார். ஆகவே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பழக்கத்தைக் கொண்டு இங்கே திருத்தி எழுதுகிறேன்.

மயானத்துக்கு வந்தவர்கள் முப்பத்தேழு பேர். இரண்டு தடவை எண்ணினேன். எண்ணும்போது அவர் ஒருபோதும் தன்னைக் கணக்கில் சேர்த்ததில்லை. அந்தக் கொப்பியோடு மூன்று நாள் பிந்திப் போனவன் என்பதால் நானும் என்னைச் சேர்க்கவில்லை.