படகு எஞ்சினும் என் வெள்ளைத் தாடியும்

ஊர்காவற்றுறை மக்களுக்கு அறிவித்தல்: இன்று என்னால் ஒரு நெஞ்சாங்கூடு காப்பாற்றப்பட்டது.

எஞ்சின் திருத்தும் எங்கள் கராச்சில் யோகன் அண்ணை, பழைய படகு எஞ்சினின் புகைக்குழாயில் சுற்றியிருந்த வெள்ளைக் கயிற்றைக் கத்தியால் சுரண்டப் போனார்.

"அண்ணை, தொடாதேங்கோ! அது அஸ்பெஸ்டஸ். தூசி நெஞ்சுக்குள்ள போனால் வெளியில வராது."

"முப்பது வருசமாச் சுரண்டுறன். நீ என்ன டொக்டரோ?"

"பிறகு நெஞ்சுக்குள்ள ஆர் சுரண்டுறது?"

சிரித்தபடி கத்தியை வைத்தார். கயிற்றை மெதுவாக நனைத்து, பொலித்தீனால் மூடினோம். இனி விசயம் தெரிந்தவர்கள் வந்துதான் கழற்ற வேண்டும்.

"உனக்கு உது எப்பிடியடா தெரியும்?"

அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

போன கிழமை நீங்கள் விழுந்து விழுந்து சிரித்த என் சாமியார் வேட வீடியோவின் தாடி, அந்தக் கயிற்றிலிருந்து பிய்த்தது. கனடாவில் நேர்ஸாக இருக்கும் சித்தி அதைப் பார்த்துவிட்டு, "தாடி எங்கையடா எடுத்தனி?" என்று கேட்டு, அது அஸ்பெஸ்டஸ் என்று சொல்லி ஒரு மணித்தியாலம் ஏசினா.

நாளை டொக்டரிடம் போகிறேன். 'எனக்கும் ஒரு தாடி' என்று கேட்டவர்கள், இன்னும் கேட்கிறீர்களா?