மெஷின் நின்றபோது அண்ணி சொன்னது

என் அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று சொல்வது அவள் என் சொந்தக்காரி என்பதால். எங்கள் தையல் ஃபேக்டரியில் மூன்றாவது லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். அந்த லைனில் அவளிடம் பட்டப்பெயர் வாங்காமல் தப்பித்தவர் யாருமில்லை. எனக்கு ஆமை. எப்போதும் தூக்கக் கலக்கத்தில் நிற்கும் இஸ்திரிக்காரருக்குக் குறட்டை. அவள் புருஷன், அதாவது என் கூடப் பிறந்த அண்ணன், தொட்ட தொழிலெல்லாம் நொடித்து வீட்டோடு இருப்பவன். அவனுக்கு முதலாளி. அந்த முதலாளியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். என்னை இந்த வேலைக்குக் கையைப் பிடித்து அழைத்து வந்ததும் அவள்தான்.

எங்கள் ஹாலில் அத்தனை மெஷினும் ஒன்றாக ஓடும். பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு நூல்கண்டு கேட்க வேண்டுமானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் இது பழகிவிடும். வீட்டுக்குப் போயும் நானும் அண்ணியும் கத்திக்கொண்டே பேசுவோம். அண்ணன் காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் அதில் ஒரு வசதியும் இருந்தது. அந்த இரைச்சலுக்குள் யாரைப் பற்றி வேண்டுமானாலும் உரக்கப் பேசலாம், அடுத்த வரிசைக்குக் கேட்காது.

காலர் தைக்க ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். வேலை சுத்தம், வேகமும் உண்டு. பேச்சு மட்டும் திக்கும். ஒரு சொல்லின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க நின்று, அப்புறம்தான் மீதியைச் சொல்வாள். அன்று ஊசி உடைந்துவிட்டது என்று அண்ணியிடம் சொல்ல வந்தாள். ஒரு வழியாகச் சொல்லி முடித்து, புது ஊசி வாங்கிக்கொண்டு திரும்பினாள். அண்ணி என் பக்கம் குனிந்தாள். அவள் வாயைத் திறக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

"இவ ஒரு வார்த்தையைப் பெத்து எடுக்குறதுக்குள்ள நான் ஒரு சட்டையே தைச்சு முடிச்சுடுவேன்டி. வாயில நூல் சிக்கின மெஷின்."

ஹால் முழுக்கக் கேட்டது. பிறகு யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மொத்த ஹாலும் சிரித்தது. அந்தப் பெண் நேராகத் தன் இடத்துக்குப் போனாள். புது ஊசியை மாட்டினாள். கரண்ட் இல்லாத மெஷினில் காலரை வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்க ஆரம்பித்தாள்.

சக ஆளைக் கேவலமாகப் பேசினால் வேலை போய்விடும் என்று கேட்டிலேயே போர்டு மாட்டியிருக்கிறார்கள். அதுவரை அந்த போர்டு யாரையும் எதுவும் செய்ததில்லை. இந்த முறை ஆபீசிலிருந்து ஆள் வந்தது.

"நான் என்ன ஊரைக் கூட்டியா சொன்னேன்? உன் காதுலதானே சொன்னேன்," என்று அன்று சாயங்காலம் முழுக்க அண்ணி என்னிடம் எகிறினாள். ஆனால் தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது.

மறுநாள் விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். எச்.ஆர். மேடம் மேசைக்கு அந்தப் பக்கம்; அண்ணியும் அந்தப் பெண்ணும் இந்தப் பக்கம், நடுவில் ஒரு காலி நாற்காலி. நான் மூச்சுவிடாமல் அடுக்கினேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் பங்கு வேலையை என்னைத் திட்டிக்கொண்டே அண்ணி தைத்துக் கொடுத்தது, குறட்டையின் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பாதி வேலையில் ஓடியது, எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனையும் சத்தியம்.

"அவங்க நல்லவங்களான்னு நான் கேக்கலைம்மா," என்றார் மேடம். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. மன்னிச்சுட்டேன்னா, எழுதி வாங்கிட்டு விட்டுடலாம். இல்லைன்னா அனுப்பித்தான் ஆகணும்."

அவள் பேசத் தொடங்கினாள். முதல் சொல்லே வரவில்லை. மேடம் உதவி செய்வதாக நினைத்து, "எழுதி வாங்கினா போதும்ங்கிறீங்களா?" என்றார். அவள் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அண்ணி அசையாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை எதுக்கு மேடம் கேக்குறீங்க? அவங்க போனா, நல்ல மனுஷி பொழைப்பைக் கெடுத்தவன்னு என்கிட்ட யாரும் முகம் கொடுக்க மாட்டாங்க. அவங்க இருந்தா, நேத்து சிரிச்ச மாதிரி நாளைக்கும் சிரிப்பாங்க. ரெண்டுலயும் இங்க இருக்க முடியாம போறது நான்தான். அதையும் நானே சொல்லணுமா?"

நான் இதை இங்கே ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். சொல்லி முடிக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

அண்ணி எழுந்தாள். "அவகிட்ட கேக்காதீங்க மேடம். பேசினது நான். லைன் எனக்கு வேண்டாம், இறக்கி விடுங்க. வேற லைன்ல தைக்கிறேன். அதுவும் ஆகாதுன்னா போயிடுறேன். அவளை மட்டும் இதுல இழுக்காதீங்க."

அண்ணியை முதல் லைனில் சட்டைக் கைப்பட்டி தைக்கப் போட்டார்கள். சம்பளம் நன்றாகவே இறங்கியது. சூப்பர்வைசர் கோட்டைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அண்ணிமேல் எனக்கு எப்போதும் பாசம் உண்டு, கூடவே பயமும் உண்டு. அன்று பாசம் மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனசு கேட்காமல் சொன்னேன். "அவ ஒரு வார்த்தை விட்டுக் கொடுத்திருக்கலாம் அண்ணி."

அண்ணி, கத்தாமல், பக்கத்தில் வந்த எனக்கே கஷ்டப்பட்டுக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அவ வாயைத் திறந்ததும், போனா போகுது விடுங்கன்னு சொல்லப் போறான்னு நினைச்சேன். அப்புறம் தலையை ஆட்டினாளா, சரி, அனுப்பிடுங்கன்னுதான் சொல்லப் போறான்னு நினைச்சேன். அவ பேசி முடிக்கிறதுக்குள்ள அவளுக்குப் பதிலா நானே ரெண்டு தடவை பேசி முடிச்சுட்டேன்டி. ரெண்டுமே தப்பு."