இல்லாத பேக்கரிக்கு இடப்பக்கம்

மினிகேப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு வீதி தெரிந்தால் போதாது, பின்சீட்டில் இருப்பவருக்கு எந்தக் காலத்து வீதி ஞாபகத்தில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். மடியில் வரைபடத்தை விரித்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு மழையில் வீடு தேடிய அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

எண்பதுகளின் கடைசியில் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு அறையில் இருந்தேன். சட்டனில் குணம் அண்ணை நடத்திய மினிகேப் ஆபீஸில் வேலை. என் மனைவி வசந்தி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள். எனக்கு நிலையான வேலை இருந்தால்தான் அவளுக்கு விசா. அண்ணை என் தலையில் கட்டியதோ சட்டனுக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே ஒரு கிராமத்தை. அங்கே வீடுகளுக்கு நம்பரே கிடையாது, பெயர்தான்.

பாண் வாங்கப் போனேன்

முதல் வாரமே 'ஓல்ட் பேக்கரி'யில் ஒருவரை ஏற்றச் சொன்னார்கள். நல்ல பசி. ஆளையும் ஏற்றி, சூடாக ஒரு பாணும் வாங்கலாம் என்று சந்தோஷமாகப் போனேன். கதவைத் திறந்தவர் டை கட்டிய ஒரு வழக்கறிஞர். கடை எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "பாண் வேண்டுமென்றால் நீங்கள் உலகப் போருக்கு முன்பே வந்திருக்க வேண்டும்."

மரத்தடி

அந்த ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் மிஸிஸ் ஹார்ட். கண்ணில் புரை விழுந்து இசைத்தாள் மங்கலாகத் தெரிந்ததால், ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அந்த நாள் காலையில் எல்ம் மரத்தடியில் நிற்பதாகப் போனில் சொன்னார். ஊரை மூன்று முறை சுற்றியும் எனக்கு எல்ம் மரம் அகப்படவில்லை. கடைசியில், ஒரு வெறும் புல்தரையில் கைப்பையோடு நின்றவரைக் கண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய முறை தவறிப்போயிருந்தது. திரும்பவும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். எனக்குச் சரியான கவலை. மரம் எங்கே என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன்.

"அது நோய் வந்து விழுந்துவிட்டது. அதற்காக நான் நிற்கிற இடத்தை மாற்ற முடியுமா?"

குணம் அண்ணை இவ்வளவு நாசூக்காகப் பேசுகிறவர் அல்ல. "இன்னொருக்காப் பிந்தினீரெண்டால் கார்த் திறப்பை வைச்சிட்டுப் போம். வசந்தியையும் கொழும்பிலையே இருக்கச் சொல்லும்."

குளம்

அன்றிலிருந்து வரைபடத்தை மூடிவைத்தேன். ஏறுகிறவர்களிடமெல்லாம் இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்க ஆரம்பித்தேன். சும்மா சொல்லக்கூடாது, வாயைத் திறந்தால் மூடமாட்டார்கள். தலைமயிர் வெட்டும் கடை முன்பு கொல்லன் பட்டறையாம். வண்டிக் குதிரைகளைக் குளிப்பாட்டிய குளம் ஒன்று இருந்ததாம். அது இருந்த இடத்தைப் பற்றி மட்டும், வியாழக்கிழமைகளில் ஒன்றாக டாக்டரிடம் போகும் மிஸ்டர் டாட், மிஸ்டர் லேசி என்ற இரண்டு நண்பர்களுக்குள் பெரிய தகராறு. காரை நிறுத்தச் சொல்லி, மழையில் இறங்கி நின்று வாதாடினார்கள். குளம் பஸ் நிறுத்தத்துக்குக் கீழேதான் என்று டாட் அடித்துச் சொன்னார். எப்படி அவ்வளவு நிச்சயம் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதா? இவரை அதில் தள்ளிவிட்டதே நான்தான்."

பனி

மிஸிஸ் ஹார்ட்டுக்கு மறுபடி நாள் கிடைத்தது. அன்று காலை காற்றோடு பனி கொட்டி, பெயர்ப்பலகை, வேலி, வாசல் எல்லாம் ஒரே வெள்ளை. அண்ணை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "மற்றப் பெடியள் பாதியிலை திரும்பி வந்திட்டாங்கள், ஒரு போர்டும் தெரியேல்லையாம். உமக்கு ஏலுமே?"

ஓம் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். இதில் பிந்தினால் மிஸிஸ் ஹார்ட்டுக்குக் கண் போகும், எனக்கு வேலை போகும், வசந்தியின் விசாவும் போகும். ஊர் எல்லையில்தான் ஒன்று விளங்கியது: பனி மூடியது இருக்கிற பொருட்களை, இல்லாத பொருட்களை அது என்ன செய்யும்? பேக்கரியில் இடப்பக்கம் திரும்பி, பட்டறையைத் தாண்டி, குளக்கரையால் மெதுவாக இறங்கி, எல்ம் மரத்தடியில் நிறுத்தினேன். மிஸிஸ் ஹார்ட் குடையோடு நின்றிருந்தார். நேரத்துக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். குடையை விரித்துக்கொண்டே அவர் இறங்கினார்.

"நான் நிற்கிற இடத்தை மாற்றியிருந்தால் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும், பார்த்தீர்களா?"

வசந்தி

அடுத்த கோடையில் வசந்தி வந்துவிட்டாள். விமான நிலையத்தில் நான் அழுதேன், அவள் அழவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே அவளைக் கிராமத்துக்குக் கூட்டிப்போய் எல்லாம் காட்டினேன்: இது பேக்கரி, இது பட்டறை, இந்தக் குளத்தில்தான் லேசி விழுந்தவர், அந்தப் பெரிய மரத்தைப் பார். தேவாலயத்திலிருந்து மிஸிஸ் ஹார்ட்டின் ஆர்கன் பிசகில்லாமல் கேட்டது. வசந்தி நான் காட்டிய பக்கமெல்லாம் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லை. எவ்வளவு நாளா உங்களுக்கு இப்பிடித் தெரியுது?"

லண்டனில் இருக்கிற வீதிகளில் நான் இன்றும் வழி தவறுகிறவன்தான், ஆனால் இல்லாத இடம் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் என்னை விட்டால் ஆள் கிடையாது.