கிரகணம்: சொற்றொடரில் அமைத்து எழுதுக

பீளமேட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றைந்தில் தீபாவளிக்கு மறுநாள் காலை சூரிய கிரகணம் வந்தது. எனக்கு அப்போது ஐந்தாவது மாதம். மாசமாக இருப்பவள் கிரகணத்தில் வெளியே வரக்கூடாது, கத்தி, அரிவாள்மணை தொடக்கூடாது, இருட்டறையில் படுத்துக்கிடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் முதல் நாளே ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி வைத்துவிட்டார்.

"அதெல்லாம் வெறும் நிழலுங்க அத்தை," என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் குண்டூசியால் ஓட்டை போட்டு, கடித்த பணியாரம் மாதிரி சூரியன் சிமெண்ட் தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம். படித்த திமிர்.

பொங்கல் கழிந்து, எட்டாவது மாதத்தில், குழந்தை வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திவிட்டது. பெண் குழந்தை. ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மா, காரணம் தெரியவில்லை, சில சமயம் இப்படி ஆவதுண்டு என்றார். மாமியார் திட்டவில்லை. எங்கள் ஊரில் கோபத்துக்கும் மரியாதை உண்டு. கஷாயத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேன் அம்மணி, கேக்காமப் போயிட்டியே," என்றார். ஒரே ஒரு தடவைதான். கணவர் அதுகூடச் சொல்லவில்லை. பம்பு கம்பெனியிலிருந்து வருவார், சாப்பிடுவார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

எனக்கு அழுகையே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உடம்பு முழுக்க. தலை வாரினேன், சோறு தின்றேன், யார் வந்து விசாரித்தாலும் "வாங்க" என்றேன்.

மார்ச்சில் பள்ளிக்குத் திரும்பினேன். மேஜை மேல் மாதத் தேர்வுப் பேப்பர் கட்டு கிடந்தது. எனக்குப் பதிலாக வந்த டீச்சர் கேள்வித்தாள் போட்டிருந்தார். சுற்றுப்பாதை, துணைக்கோள், கிரகணம்: இந்தக் கலைச்சொற்களைப் பொருள் விளங்கச் சொற்றொடரில் அமைத்து எழுத வேண்டும்.

சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். 'நிலா பூமியின் துணைக்கோள்.' சரி. 'எங்கள் ஊர் மினி பஸ் தினமும் சுற்றுப்பாதையில் வருகிறது.' வேறு நாளாயிருந்தால் ஸ்டாஃப் ரூமில் உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்திருப்பேன். தப்பு போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். 'சூரியனை நிலா மறைத்தால் சூரிய கிரகணம்.' சரி. இப்படியே கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பேப்பரில், குண்டு குண்டான எழுத்தில், 'கிரகணத்தில் வெளியே வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது' என்று இருந்தது.

படித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. தப்பு போட்டேன்.

பேப்பர் கொடுத்த அன்று இடைவேளையில் அந்தப் பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், இது எங்கம்மா சொன்னதுங்க. தப்புங்களா?"

"தப்புதான் கண்ணு. கிரகணம்னா என்னன்னு இதுல எங்க இருக்குது? அது நிழல். நிழல் யாரையும் ஒண்ணும் பண்ணாது."

மார்க் போன வருத்தமே அவள் முகத்தில் இல்லை. சந்தோஷமாகக் கேட்டாள். "அப்படீங்களா? எங்க சித்தி மாசமா இருக்குதுங்க. அடுத்த மாசம் ஒரு கிரகணம்னு காலண்டர்ல போட்டிருக்குதுங்க. சித்தி வெளிய வரலாமுன்னு ஊட்டுல சொல்லிப்போடட்டுங்களா? நீங்க சொன்னீங்கன்னா கேட்டுக்குவாங்க."

வரலாம் என்பது ஒரே வார்த்தை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் கண்ணு," என்றேன். "உள்ளயே இருக்கச் சொல்லு."

அவள் பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு மெதுவாகப் போய்விட்டாள். கூப்பிட்டு மார்க்கைத் திருத்திக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுக்கவில்லை. அவள் எழுதியது தப்பு. அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை.