மஞ்சள் சிவந்த பானட்

அரியலூர் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு வாட்டர் வாஷ் கடை உண்டு. அங்கே கார்களுக்குக் கையாலேயே பாலிஷ் போடுபவர் குஞ்சம்மாள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. சுண்ணாம்புக்கல் லாரிகளைக் கழுவப் போனவர், பிறகு கார்களுக்கு வந்தார். காலையில் திருநீறு பூசி, சேலையில் குத்திய ஊக்கைக் கழற்றி, தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்ட பிறகே வண்டியின் மேல் குனிவார். பெயிண்டில் எதுவும் உரசிவிடக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஜெயப்பிரகாஷ் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். டிரைவர் வேலையில் சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. முதலாளியம்மா சென்னையிலிருந்து மூன்று மணி ரயிலில் வருகிறார். பானட்டில் ரத்தம் வழிந்தது போலச் சிவப்பு. சுற்றிலும் கீறல்.

"பூசைக்கு மஞ்சளத்தான் கரைச்சு வெச்சேங்க்கா. கொஞ்ச நேரத்துல இப்படி ஆயிட்டு. கெட்ட சகுனமுன்னு பயந்து தேச்சுட்டேன்."

"எதால தேச்சீங்க?"

"பாத்திரம் தேய்க்கிற நாரால."

"காரு என்ன, கஞ்சிச் சட்டியா தம்பி?" குஞ்சம்மாள் சிரித்துவிட்டார். "தூசியக் கழுவாம மஞ்ச வெச்சிருக்கீங்க. நம்மூரு தூசியில சுண்ணாம்புல்ல கிடக்கு. ஆரத்தி எப்படி செவக்குது? அதேதான். சாமியே உங்களுக்கு ஆரத்தி எடுத்துட்டாருன்னு நெனச்சுக்குங்க."

"வேல போயிருங்க்கா."

குஞ்சம்மாள் குழாயைத் திறந்தார். தூசி போகும் வரை தண்ணீரை ஊற்றினார். சோப்பு பட்டால் இன்னும் சிவக்கும் என்று, எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து தடவினார். சிவப்பு மஞ்சளானது. மறுபடி கழுவித் துடைத்து, நகத்தால் கீறல்களைத் தடவிப் பார்த்தார். நகம் வழுக்கினால் கீறல் போகும்; நகம் மாட்டினால் போகாது. கீறலை எடுக்கும் காம்பவுண்டுப் பசையைத் துளி மெத்தென்ற துணியில் தொட்டு, ஒரு கை அகலம் தேய்ப்பார், துடைப்பார், பார்ப்பார். மீதி மஞ்சள் வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்று வண்டியை வெயிலில் விட்டார்.

இரண்டு மணிக்கு பானட் வெள்ளையாக இருந்தது. விளக்கின் ஓரத்தில் மட்டும் ஒரு கீறல். அதில் நகம் மாட்டியது.

"மெழுகப் பூசி மறைச்சுருங்க்கா."

"ரெண்டு மழைக்கு வெளிய வந்துரும் தம்பி. அவங்க பாக்குறதுக்கு முன்னாடி நீங்களே காட்டிருங்க."

ஜெயப்பிரகாஷ் முகம் சுருங்கிப் புறப்பட்டார். ரயில் வந்த சத்தம் கேட்டதும் குஞ்சம்மாள் துணியை வாளியில் போட்டுவிட்டுக் கைகூப்பினார்.

கால் மணி நேரத்தில் அதே கார் கடைமுன் நின்றது. பின்கதவின் கண்ணாடி இறங்கியது.

"குஞ்சம்மாள்ங்கறது நீங்களா?" என்றார் முதலாளியம்மா. "கீறலக் காட்டிட்டாரு. நாரையும் காட்டுனாரு. பூசைய மட்டும் விட மாட்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமை இங்க அனுப்புறேன். மொதல்ல தூசியக் கழுவி விடுங்க, அப்புறம் மஞ்ச வைக்கட்டும்."

ஜெயப்பிரகாஷ் திரும்பாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரட்டுங்கம்மா," என்றார் குஞ்சம்மாள். "நார வூட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க."